சுல்தானாவின் காதில் ஒரு நூல்

துருக்கிச் சுல்தான்மாரோடு எனக்கு ஆறு மாதப் பழக்கம். என் கணவரைத் தவிர வேறு எந்த ஆண்பிள்ளைகளையும் நான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. உண்மையைச் சொன்னால், கணவர் இருந்த காலத்தில் அவரைக்கூட அவ்வளவு நேரம் பார்த்தேனா என்பது சந்தேகம்தான்.

லண்டன் நகரத்தின் நடுவில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் நிற்பது என் வேலை. பதினொரு வருடமாக நிற்கிறேன். கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் படம் ஒட்டிய அட்டை, இடுப்பில் வோக்கிடோக்கி. காலையில் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயில் ஏறும்போது நான் ஒரு ஆள். கோட்டைப் போட்டதும் சுவரோடு சேர்ந்துவிடுவேன். அங்கே எனக்குத் தேவைப்படுகிற இங்கிலிஷ் நாலே நாலு வசனம். தொடாதீர்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். கழிவறை இடது பக்கம். இன்னும் பத்து நிமிடத்தில் மூடப்போகிறோம். ஊரில் மூன்று வருடம் தொண்டர் ஆசிரியையாகச் சரித்திரம் படிப்பித்த ஒருத்திக்கு இந்த நாலு வசனம் போதுமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் இரண்டாம் மாடியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். துருக்கி அரச குடும்பத்தை ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த உருவப்படங்கள். ஒரு சுவர் முழுக்கச் சுல்தான்கள், எல்லாரும் ஒரே அளவுச் சட்டத்துக்குள். தலைப்பாகை ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய். எல்லாருக்கும் ஒரே வளைந்த மூக்கு. தாடி கறுத்திருந்தால் மகன், வெளுத்திருந்தால் தகப்பன். அவர்களில் பாதிப் பேரை வரைந்தவன் கண்ணால் கண்டதே இல்லையாம். ஒருவன் வரைந்ததைப் பார்த்து இன்னொருவன் வரைந்தான், அதைப் பார்த்து மூன்றாமவன் வரைந்தான். சுல்தானின் பெயரைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருந்த நாடுகளில் சுல்தானின் முகத்துக்கு நல்ல கிராக்கி இருந்திருக்கிறது. பயப்படுகிற ஆளின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கும்போல. எங்கள் சனத்துக்கும் அந்தக் குணம் உண்டு, அதை விடுவோம்.

எதிர்ச் சுவரில் ஒரே ஒரு பெரிய படம். அவள்தான் சுல்தானா. உயரத் தொப்பி, ஓரத்தில் வெள்ளை உரோமம் வைத்த நீல அங்கி, கையில் சின்னக் காப்பிக் கோப்பை, காதில் நெல்லிக்காய் அளவில் ஒரு முத்து. முகத்தைக் கொஞ்சம் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். இந்த ஓவியனுக்கு மட்டும் அந்தப்புரத்துக்குள் போகச் சிறப்பு அனுமதி கிடைத்தது, நேரில் இருத்தி வரைந்த அபூர்வமான அரசி இவள் என்று பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் சுல்தான்களைக் கடந்து நேரே இவளிடம்தான் போவார்கள்.

அந்தக் கண்காட்சியை ஒழுங்குசெய்த கியூரேட்டருக்கு ஒரு உதவியாளர் இருந்தாள். சென்னைப் பெண். முப்பது வயது இருக்கும். படங்களை மாட்டுகிற நாளில் என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். சிரித்துவிட்டாள். "ஆமான்னு சொல்றதுக்கு இவ்ளோ பக்தியா ஆன்ட்டி?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் பதினொரு வருடத்தில் என்னோடு பகிடி விட்ட முதல் ஆள் அவள்.

அதற்குப் பிறகு என் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு பேருக்குச் சாப்பாடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இல்ஃபோர்டில் என் வீட்டுக்கே வரத் தொடங்கினாள். என் மகளுக்கு அவள் "அக்கா" ஆனாள். என் மகள் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறாள், ஷிப்ட் முடிந்து வந்தால் அறைக்குள் போய்க் காதில் எதையாவது மாட்டிக்கொள்ளும் இனம். அவளைக்கூட அந்தப் பெண் கீழே இறக்கிக் கதைக்க வைத்துவிடுவாள். மூன்று பேரும் இருந்து சாப்பிடுகிற அந்த ஞாயிறுகளுக்காக நான் வெள்ளிக்கிழமையே மீன் வாங்கப் போய்விடுவேன்.

ஒரு விசயம் மட்டும் எனக்குப் புதுமையாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டால், "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்பார்கள். அது வேண்டாம் அல்ல. இரண்டாம் தரம் கேட்க வேண்டும், மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைக்க வேண்டும். முதல் தரமே சரி என்று சொல்கிறவன் காணாததைக் கண்டவன். முதல் மறுப்பை நம்பிக் கேத்திலை நிற்பாட்டுகிறவள் நாசமறுந்தவள். இந்தப் பெண்ணோ "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டால் தட்டை நீட்டுவாள். "போதும்" என்றால் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிடுவாள். "நான் போதும்னா போதும்தான் ஆன்ட்டி, எதுக்கு ட்ராமா?" என்பாள். எவ்வளவு நேர்மையான பிள்ளை என்று நான் சந்தோசப்பட்டேன்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை, ஆட்களே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எங்களை இடம் மாற்றுவார்கள், அப்போது சுல்தானாவின் மூலை என் முறை. தரையில் கீறியிருக்கிற எல்லைக் கோட்டுக்கு இங்காலே நின்று அவள் காதைப் பார்த்தேன். கலியாண மண்டபத்தில் எங்கள் பெண்களின் கண் முதலில் காதுக்குப் போகும், பிறகு கழுத்துக்கு, மூன்றாவதாகத்தான் முகத்துக்கு. இத்தனை வாரமாக நான் அந்த முத்தைப் பார்த்தேனே தவிர, அது எதில் தொங்குகிறது என்று பார்க்கவில்லை.

காதுச் சோணையில் ஓட்டை இல்லை. வழுவழுவென்று குழந்தைக் காது. பாரமான தோடு போட்டுப் பழகிய காது அப்படி இருக்காது, துவாரம் நீண்டு இறங்கியிருக்கும். முத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடு காதின் பின்பக்கமாக ஏறிப் போயிற்று. தலைமயிர் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அது தலைமயிர் அல்ல. நூல். காதுமடலைச் சுற்றி நூலைக் கட்டி முத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. துருக்கி அரசிக்குக் காது குத்த ஆள் இல்லாமலா போயிற்று? இவள் அரசியும் இல்லை, அந்தப்புரமும் இல்லை. ஓவியனின் ஊரில் யாரோ ஒரு பெண், வேலைக்காரியோ கூலிக்கு இருந்தவளோ. தொப்பியையும் அங்கியையும் இரவல் வாங்கி மாட்டி, குத்தாத காதில் முத்தைக் கட்டி இருத்தியிருக்கிறான். பொய் சொல்லத் துணிந்தவனுக்குக் கண்ணால் கண்டதை மறைக்க மட்டும் மனம் வரவில்லை, நூலையும் வரைந்துவிட்டான். அன்றைக்கு வேலை முடியும்வரை நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நின்றேன்.

ரயிலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அம்மாவின் படம் ஞாபகத்துக்கு வந்தது.

என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தவற்றில் கடைசியாகக் கழன்றது அம்மாவின் தோடு. கழற்றிய கையோடு ஓட்டை தூர்ந்துபோகாமல் வேப்பம் ஈர்க்கை முறித்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டா. "லண்டனுக்குப் போய் ஒரு சோடி வாங்கி அனுப்பு, அதுவரைக்கும் இது காணும்" என்று சொன்னா. அனுப்ப எனக்கு ஏழு வருடம் பிடித்தது. அந்த ஏழு வருடத்தில் அவ எத்தனை இடம் பெயர்ந்தா, எந்தக் கூடாரத்தில் ஈர்க்கு விழுந்தது, நான் கேட்கவில்லை. அப்டன் பார்க்கில் கிறீன் ஸ்ட்ரீட் கடையில் சிவப்புக் கல் வைத்த தோடு வாங்கி, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு தொலைபேசியிலும் நச்சரித்தேன். போட்டியளோ? படம் எடுத்து அனுப்புங்கோ. வடிவு பாக்கவேணும். "போட்டிட்டன் பிள்ளை, நல்ல வடிவு" என்று சொன்னா. படமும் வந்தது. அடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தா. விசா இல்லாத நான் இங்கேயிருந்து அழுதேன். அந்தப் படத்தைத்தான் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டினேன். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஒரு ஆறுதல், கடைசியிலாவது அம்மாவின் காதை நிரப்பிவிட்டேன் என்று.

அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் படத்தை இறக்கினேன். போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். தோட்டின் பின்னாலிருந்து கறுப்பு நூல் ஒன்று காதைச் சுற்றித் தலைமயிருக்குள் போயிருந்தது. இரண்டு காதிலும். ஓட்டை தூர்ந்திருக்கிறது, அல்லது தோட்டின் தண்டு போகாத அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஆற அமரத் திரும்பக் குத்தியிருக்கலாம். நான்தானே அவசரப்படுத்தினேன். மகள் படம் கேட்கிறாள் என்று நூலால் கட்டி, ஸ்டூடியோவில் போய் இருந்து சிரித்திருக்கிறா. இருபது வருடத்துக்கு மேலாக அந்த நூலைப் பார்த்துக்கொண்டு அது தெரியாமல் விளக்குக் கொளுத்தியிருக்கிறேன். படத்தை மாட்டிவிட்டு, குசினிக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் தேநீர் அறையில் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னாச்சு ஆன்ட்டி?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுல்தானாவின் காது, அம்மாவின் காது, ஈர்க்கு, நூல். யாருக்கும் சொல்லாத கதை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அந்தக் காது பெரிய விஷயம், தெரியுமா?" என்றாள். ஓவியம் திருத்துகிறவர்கள் லென்ஸோடு வந்தார்கள். பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். நூல்தான் என்று முடிவாயிற்று. நேரில் வரைந்த அரசி என்ற கதை அத்தோடு சரி. கண்காட்சி முடிகிற வாரம் இதைப் பற்றி அந்த அறையிலேயே ஒரு பேச்சு வைப்பதாக ஏற்பாடு. அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க பேசுறீங்களா?"

பதினொரு வருடமாக நாலு வசனம் சொன்ன வாயால் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லலாம். ஒரே ஒருமுறை, அந்த அறையின் நடுவில் நின்று. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அது மட்டும் வேண்டும் என்று அப்போது பட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஐயோ பிள்ளை, எனக்கு ஏலாது. நீரே சொல்லும். என்ர பேரையும் இழுத்துப்போடாதேயும்."

"ஷ்யூரா?"

"ஓமோம்."

"சரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அவள் திரும்பக் கேட்கும்போது "சரி, அஞ்சு நிமிசம் மட்டும்" என்று சொல்வதாக இருந்தேன். மகளின் பழைய கொப்பி ஒன்றில் இரண்டு பக்கம் இங்கிலிஷில் எழுதினேன். குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்துப் பழகினேன். பேச்சு வைத்த நாளில் எனக்கு ஓய்வு, இன்னொருவரோடு ஷிப்ட் மாற்றி வேலைக்கு வந்தேன். இரண்டு ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். மீன் பொரியலைப் பற்றிக் கேட்டாள், பேச்சைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசி நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிடுவாள் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

பேச்சு பிற்பகல் மூன்று மணிக்கு. அறை நிறைய ஆட்கள், மடக்குக் கதிரைகள், ஒரு மூலையில் வீடியோக் கமரா. என்னை வாசலில் நிற்கவைத்தார்கள். எழுதிய தாள் என் கோட்டுப் பையில் மடித்துக் கிடந்தது. அவள் அழகாகப் பேசினாள், அதில் குறை சொல்ல மாட்டேன். தலைப்பாகைகளைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். பிறகு சுல்தானாவின் பக்கம் திரும்பினாள்.

தமிழ்ப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்தால் முதலில் காதைத்தான் பார்ப்போம் என்றாள். அது நான் சொன்ன வசனம். போகட்டும் என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் அம்மாவின் படம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். கஷ்டகாலத்தில் அம்மா தோட்டை விற்றதாக, வேப்பம் ஈர்க்கைச் செருகியதாக, கடைசியில் மகளுக்குக் காட்ட நூலால் கட்டிப் படம் எடுத்ததாக. "மை மதர்" என்று நாலு தரம் சொன்னாள். நான் எண்ணினேன். தெரியாமல் சொல்லியிருக்கலாம், தடுமாறியிருக்கலாம் என்று முதல் தரம் நினைத்தேன். நாலாம் தரம் அவள் கண்ணில் தண்ணீர்.

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கைக்குட்டையை எடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு கதிரைகளை விட்டு எழும்பிக் காதைப் பார்க்கப் படத்துக்குக் கிட்டப் போனார்கள், எல்லைக் கோட்டைத் தாண்டிக்கொண்டு. வோக்கிடோக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள், ஆட்களைப் பின்னால் நிற்கச் சொல் என்று. நான் போனேன். நான் கண்டுபிடித்த காதைப் பார்க்க முண்டியடித்த சனத்தைப் பார்த்து, "தயவுசெய்து கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கள்" என்றேன். அந்த அறையில் அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

கதிரைகளை எடுத்து அடுக்கிய பிறகு அவளை நடையில் பிடித்தேன்.

"எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கட அம்மாவுக்கு எப்ப பிள்ளை தோடு போனது?"

முகம் மாறிற்று. "ஆன்ட்டி, நீங்கதானே உங்க பேரைச் சொல்லாதீங்கன்னீங்க? ஒரு அட்டெண்டன்ட் சொன்னாங்கன்னு சொன்னா உடனே யாருன்னு கேப்பாங்க. அதான் எங்கம்மான்னு சொல்லிட்டேன். கதை மனசுல இறங்கணும்ல?"

"பேரைச் சொல்லாதேயும் எண்டனான். என்ர தாயைத் தூக்கிக்கொண்டு போம் எண்டு சொன்னனானோ?"

"நான் உங்களைப் பேசச் சொல்லிக் கேட்டேன். ஷ்யூரான்னு கூடக் கேட்டேன். வேணாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்."

"எதுக்கு இன்னொரு தரம்? நீங்க தெளிவா சொன்னீங்களே!"

அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டம் போட்டுக் கழுத்தறுத்தவள் என்றால் நாலு வார்த்தை தூசணம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அம்மாவின் கதையை எடுத்துக்கொள்ளவா என்று அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. அது பிழை என்று விளங்காமல் போக வழியே இல்லை.

"உங்கட அம்மா சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. சென்னைல."

"காதில என்ன போட்டிருக்கிறா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வைரத்தோடு" என்றாள்.

"நல்லது. அதை வடிவாப் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எலிசபெத் லைனில் இருக்கை கிடைத்தும் இருக்கவில்லை, இல்ஃபோர்ட் வரை நின்றுகொண்டே வந்தேன். கோட்டுப் பையில் இருந்த தாளை ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு மாதம் அதையே மென்றுகொண்டு திரிந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் உப்பைத் தின்றவள் என் தாயையும் சேர்த்துத் தின்றுவிட்டாள். இரண்டு முறை செய்தி அனுப்பினாள், நேரில் வந்து கதைக்கிறேன் என்று. பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதை நிற்பாட்டினேன். "அக்கா ஏன் வாறேல்ல?" என்று மகள் கேட்டபோது "அவவுக்கு வேலை கூட" என்றேன். ஒன்றை மறைத்தால் அதை மறைக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை மகள் போனைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நான் சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கண் சிவந்திருந்தது அவளுக்கு.

"அம்மா, அக்காவின்ர டோக் வீடியோவை ஒன்லைன்ல போட்டிருக்கினம். நீங்க பாத்தனீங்களே? அவங்கட அம்மாவுக்கு நடந்ததைக் கேட்டு எனக்கு அழுகையே வந்திட்டுது."

நான் அடுத்த உடுப்பை எடுத்து மடித்தேன்.

"பாவம், அவங்க எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்ல, என்ன? நான் கீழ கொமென்ட் எழுதினனான். உங்கட அம்மாவை நினைச்சு அழுதனான், அவவைத் தெரிஞ்சிருந்தால் நல்லா இருந்திருக்கும் எண்டு. ஹார்ட் போட்டிருக்கிறா."

ஹார்ட் போட்டிருக்கிறாள். மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு, "அது அவளின்ர அம்மா இல்லை" என்றேன். "அது உன்ர அம்மம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டை, ஏஜென்சிக்காரனை, ஏழு வருடத்தை, நூலை. என்னைக் கூப்பிடாமல் விட்டதை, நாலு தரம் "மை மதர்" சொன்னதை. அந்தப் பகுதியைச் சொல்லும்போது என் குரல் ஏறிவிட்டது. மகளும் என்னோடு சேர்ந்து ஆத்திரப்படுவாள், அந்தப் பெண்ணைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாதமாகத் தனியாகச் சுமந்த கோபத்துக்கு ஒரு துணை கிடைக்கப்போகிறது என்றுகூட நினைத்தேன்.

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கிட்டப் போகவில்லை, இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து அந்தப் படம் அங்கேதான் இருக்கிறது.

"அம்மம்மாவின்ர தோட்டில்தான் நீங்க லண்டனுக்கு வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

"உனக்கு எதுக்கு அந்தக் கவலையள் எண்டு நினைச்சன்."

"அக்காவுக்கு மட்டும் எதுக்கு?"

"அவள் அண்டைக்கு என்ர முகத்தைப் பாத்துக் கேட்டவள்."

"அது அடுத்த நாள். படத்தை இறக்கி நூலைக் கண்டது இஞ்ச, வீட்டில." அவளுடைய குரல் உயரவில்லை. "அப்ப நான் எங்க இருந்தனான்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மேல" என்றேன். "உன்ர அறையில."

அவள் போனை எடுத்து, தான் எழுதியதைத் தேடி அழித்தாள். பிறகு மேலே போனாள். கதவு சாத்துகிற சத்தம் மெல்லக் கேட்டது. அவள் அதை அடித்துச் சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.